ஒரே பத்தியில் ஐந்து ‘ரெப்ரசென்ட்’: ஐந்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதுமா?

வேம்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விவசாயிகளுக்கான ஒரு கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதன் முன்னுரையில் ஒரே பத்திக்குள் ‘ரெப்ரசென்ட்’ என்ற வினை ஐந்து இடங்களில் வருகிறது. வரைபடத்தில் சாய்கோடு போட்ட பகுதி வறண்ட வட்டாரங்களை ‘ரெப்ரசென்ட்’ செய்கிறது. மக்களவை உறுப்பினர்களில் 14 சதவீதத்துக்கும் குறைவானவர்களைப் பெண்கள் ‘ரெப்ரசென்ட்’ செய்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கொடுத்தவர், 600 அடி இறக்கியதாக ‘ரெப்ரசென்ட்’ செய்தார். அதன் பேரில் விவசாயிகள் ஆட்சியரிடம் ஒரு ‘ரெப்ரசென்டேஷன்’ கொடுத்தார்கள். பின்னர் வழக்கு நடந்தபோது ஒரு வழக்கறிஞர் அவர்களை ‘ரெப்ரசென்ட்’ செய்தார்.

ஒரு நூலுக்குள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் வரவேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஆகவே ஐந்து இடங்களிலும் ‘பிரதிநிதித்துவப்படுத்து’ என்றே போட்டு அனுப்பினேன். பார்வையிட்டவர் ஐந்தையும் சிவப்பு மையால் சுழித்து, முதல் சுழிப்புக்கு நேரே ஓரத்தில் “வறண்ட வட்டாரத்துக்கு எந்தத் தொகுதி, எந்தக் கட்சி?” என்று எழுதித் திருப்பிவிட்டார். அவர் கேலி செய்தது நியாயம்தான் என்று தோன்றுகிறது. ஆனால் மாற்றாக என்ன எழுதுவது, எந்த அடிப்படையில் எழுதுவது என்பது விளங்கவில்லை. அகராதியைத் திறந்தால் குறி, காட்டு, சித்தரி, பிரதிநிதியாக இரு, எடுத்துரை என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். எது எங்கே என்று சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சிரஸ்தார்_ஓய்வு எழுதியது:

தம்பி, உங்கள் ஐந்தில் மூன்று நீதிமன்றம், அரசு அலுவலகம் சார்ந்தவை என்பதால் அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியவன் நான்.

வழக்கறிஞர் ஒருவரை ‘ரெப்ரசென்ட்’ செய்தார் என்றால் தமிழில் அவர் அந்தக் கட்சிக்காரருக்காக ஆஜரானார் என்றுதான் பொருள். நாளிதழைத் திறந்து பாருங்கள். ‘மனுதாரர் தரப்பில் வழக்கறிஞர் ஆஜரானார்’ என்றிருக்குமே தவிர, ‘மனுதாரரைப் பிரதிநிதித்துவப்படுத்தினார்’ என்று தமிழ் நிருபர் எவரும் எழுதமாட்டார். பத்திரங்களிலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் மைனர், தாயால் ‘ரெப்ரசென்ட்’ செய்யப்படுகிறார் என்று எழுதும் இடத்தில், தமிழ்ப் பத்திர எழுத்தர் ‘மைனருக்காக அவருடைய தாயாரும் கார்டியனுமான’ என்று தொடங்குவார். வெளிநாட்டில் இருப்பவருக்காகக் கையெழுத்திடுபவர் ‘பவர் ஏஜெண்ட்’. வினையே வராமல் ‘ஆக’ என்ற ஈற்றிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

கிணறு தோண்டியவர் செய்த ‘ரெப்ரசென்ட்’ முற்றிலும் வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் மொழியில், ஒரு செய்தியை உண்மை என்று எதிராளியிடம் சொல்லி, அதை நம்பி அவர் ஒப்பந்தத்துக்குள் வரும்படி செய்வது அது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவும் 18ஆம் பிரிவும் அடுத்தடுத்து இருப்பதற்குக் காரணம் உண்டு. பொய் என்று தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னால் 17இல் வரும் மோசடி. தானே உண்மையென்று நம்பி, ஆனால் அப்படி அடித்துச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லாமல் சொன்னால் 18இல் வரும் ‘மிஸ்ரெப்ரசென்டேஷன்’. இதற்குச் சிலர் ‘தவறான பிரதிநிதித்துவம்’ என்று எழுதிவிடுகிறார்கள்; படிப்பவர் ஏதோ தேர்தல் தகராறு என்று நினைத்துக்கொள்வார். ‘உண்மைக்கு மாறாகக் கூறுதல்’ என்றால் யாருக்கும் புரியும். உங்கள் வாக்கியத்தில் ‘600 அடி இறக்கியதாகச் சொன்னார்’ என்பதே போதும். ஒருவர் தன்னை அதிகாரி என்று ‘ரெப்ரசென்ட்’ செய்துகொண்டால், ‘தன்னை அதிகாரியாகக் காட்டிக்கொண்டார்’ என்று எழுதுங்கள். அந்தக் ‘காட்டிக்கொண்டார்’ என்பதிலேயே பொய் என்ற குறிப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. அந்த வசதி ஆங்கில வினைக்குக் கிடையாது.

ஆட்சியரிடம் கொடுக்கப்படும் ‘ரெப்ரசென்டேஷன்’ மனு, அல்லது முறையீடு. இதை இலேசாக எண்ணவேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 22(5)ஆம் பிரிவு, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் அந்த ஆணைக்கு எதிராக முறையிடுவதற்கு மிக விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும் என்று சொல்லும்போது பயன்படுத்துவதும் இதே சொல்லைத்தான். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளில் கணிசமானவை, அந்த முறையீட்டைப் பரிசீலிக்க அரசு காரணமில்லாமல் காலம் கடத்தியது என்பதற்காகவே உயர் நீதிமன்றத்தில் ரத்தாகியிருக்கின்றன. அங்கே போய் ‘பிரதிநிதித்துவத்தைப் பரிசீலிப்பதில் தாமதம்’ என்று மொழிபெயர்த்தால், ஒருவர் சிறையிலிருந்து வெளியே வந்ததன் காரணமே மறைந்துபோகும்.

ஆறாவதாக ஒன்றும் இருக்கிறது; உங்கள் பத்தியில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாக்கல் செய்த வழக்குத் தாள்களில் குறை இருந்தால் அலுவலகம் அதை ‘ரிட்டர்ன்’ செய்யும். குறையைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்வதை எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் ‘ரீ-பிரசென்ட்’ என்பார்கள். எழுதும்போது நடுக்கோடு பெரும்பாலும் விடுபட்டு, இந்த ‘ரெப்ரசென்ட்’டைப் போலவே காட்சியளிக்கும். காலக்கெடு தாண்டிவிட்டால் அந்தத் தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக ஒரு மனு போடவேண்டும். புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், அத்தகைய மனு ஒன்றைத் தமிழாக்கியபோது, ‘வழக்கறிஞர் ஆஜராவதில் ஏற்பட்ட 112 நாள் தாமதம்’ என்று எழுதிக் கொண்டுவந்தார். எந்த வழக்கறிஞர் 112 நாள் கழித்து வந்து நின்றார் என்று நான் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. ‘மீளத் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதம்’ என்பதே சரி.

கணக்காசிரியர் எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. வரைபடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அங்கே ‘குறி’ என்ற வினையைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. சாய்கோடு வறண்ட வட்டாரங்களைக் குறிக்கிறது; தேசியக் கொடியின் நடுவிலுள்ள சக்கரம் அறத்தைக் குறிக்கிறது; 1:50,000 அளவிலான நிலவரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கிறது. இந்த 1:50,000 என்ற விகிதத்துக்குப் பாடநூலில் ‘பிரதி பின்னம்’ என்று பெயர். ‘பிரதிநிதித்துவப் பின்னம்’ என்று நீட்டாமல் விட்ட அந்த ஆசிரியர் குழுவை நான் மனத்துக்குள் வாழ்த்தாத ஆண்டில்லை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இயற்கணிதம். ஆங்கிலப் பாடநூலில் ‘எக்ஸ் என்ற எழுத்து தந்தையின் வயதை ரெப்ரசென்ட் செய்யட்டும்’ என்ற பொருளில் ஒரு முழு வாக்கியம் இருக்கும். தமிழில் ‘தந்தையின் வயது எக்ஸ் என்க’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ‘என்க’ என்பது ‘என்’ என்ற வினையின் வியங்கோள். ‘என்று சொல்வாயாக’ என்பது அதன் நேர்ப்பொருள். ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று நிற்கிறது என்ற கருத்தை, ‘இதை இப்படி அழைப்போம்’ என்ற இசைவாக மாற்றிவிடுகிறது தமிழ். எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் இயற்கையான உறவு எதுவும் இல்லை, நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் அது என்பதை இதைவிடச் சுருக்கமாக மாணவருக்கு உணர்த்த முடியாது. நானே பல ஆண்டுகள் இதைக் கவனிக்காமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் ஒரு குறிப்பு. குறித்தல் என்ற பொருளில் வரும்போது இந்த வினை நிலையைச் சொல்வது, செயலைச் சொல்வதன்று. ஆகவே ‘இந்தக் கோடு எல்லையை இஸ் ரெப்ரசென்டிங்’ என்று தொடர்நிகழ்காலத்தில் எழுதுவது பிழை. நம்மவர்கள் ‘குறித்துக்கொண்டிருக்கிறது’ என்று தமிழில் ஒருபோதும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஆங்கிலத்துக்குப் போனதும் அந்தக் காலத்தைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். வழக்கறிஞரோ விளையாட்டு வீரரோ ஒருவருக்காகச் செயல்படும்போது அதே தொடர்நிகழ்காலம் சரியாகப் பொருந்தும். பின்னால் ‘ஃபார்’ சேர்ப்பதும் தேவையற்றது. ‘இந்தியாவுக்காக’ என்பதில் உள்ள ‘காக’ நம் மனத்தில் நிற்பதால் ஆங்கிலத்திலும் அதை ஒட்டவைத்துவிடுகிறோம்.

வேம்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி. மூன்றும் வரைபடமும் தெளிந்துவிட்டன. பெண்களைப் பற்றிய வாக்கியம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அங்கே பேச்சு மக்களவையைப் பற்றியது என்பதால் பிரதிநிதித்துவம் பொருந்தும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பார்வையிட்டவர் அதையும் ஏன் சுழித்தார்?

ஓலைநறுக்கு எழுதியது:

அந்த வாக்கியம்தான் ஐந்திலும் பெரிய பொறி. 2024 தேர்தலில் வென்ற 543 பேரில் 74 பேர் பெண்கள். ஆக 14 சதவீதத்துக்கும் குறைவு. ஆங்கில வாக்கியம் சொல்வது இந்தக் கணக்கை மட்டுமே. அங்கே ‘ரெப்ரசென்ட்’ என்பதற்கு ‘ஆக இருத்தல்’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஆங்கிலச் செய்தியாளர்கள் ‘இஸ்’ என்று எழுதச் சலித்து இதைப் போடுகிறார்கள் என்பது என் கருத்து. ‘இது கடந்த ஆண்டைவிட 8 சதவீத உயர்வை ரெப்ரசென்ட் செய்கிறது’ என்ற வகை வாக்கியங்களும் இப்படிப்பட்டவைதான். தமிழில் ‘இது கடந்த ஆண்டைவிட 8 சதவீதம் அதிகம்’ என்றால் முடிந்தது. உங்கள் வாக்கியத்தைப் ‘பெண்கள் 14 சதவீதத்துக்கும் குறைவானவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார்கள்’ என்று எழுதினால், அந்த 74 பேரும் சேர்ந்து நாட்டின் மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்கினருக்கு மட்டும் பேசுகிறார்கள் என்று பொருள்பட்டு, கணக்கே மாறிவிடுகிறது. ‘மக்களவை உறுப்பினர்களில் பெண்கள் 14 சதவீதத்துக்கும் குறைவு’ என்று எழுதுங்கள். அடுத்த வாக்கியத்தில் பெண்களின் பிரதிநிதித்துவம் போதவில்லை என்ற கருத்து வந்தால், அங்கே அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 1950, 1951 ஆண்டுகளின் இரண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களும் அந்தப் பொருளை நமக்கு நிலைப்படுத்திக் கொடுத்துவிட்டன.

‘பிரதிநிதி’ என்ற சொல்லின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. வடமொழி வேள்வி நூல்களில் பிரதிநிதி என்பது ஆளே அன்று. விதித்த பொருள் கிடைக்காதபோது அதன் இடத்தில் வைக்கப்படும் மாற்றுப் பொருள். சோமக்கொடி கிடைக்கவில்லை என்றால் பூதீகம் என்ற செடி. எதற்கு எது மாற்றாகலாம், எங்கே மாற்றே கூடாது என்று, வேள்வி விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். ஆக அந்தச் சொல்லின் கருவில் இருப்பது, ‘இங்கே இல்லாத ஒன்றின் இடத்தில் நிற்பது’ என்ற எண்ணம். இலத்தீன் மூலச் சொல்லில் இருப்பதோ ‘கண்முன் கொண்டுவருதல்’ என்ற எண்ணம்; தவணை சொல்லாமல் உடனே ரொக்கமாகக் கொடுப்பதற்குக்கூட உரோமானியர்கள் அந்த வினையைப் பயன்படுத்தினார்கள். ஒன்று இல்லாததிலிருந்து தொடங்குகிறது, மற்றொன்று இருப்பதிலிருந்து. இரண்டும் நாடாளுமன்ற வாசலில் மட்டும் சந்தித்துக்கொண்டன. அந்த ஒரு சந்திப்பை வைத்து எல்லா இடத்திலும் இரண்டையும் இணை சேர்த்ததால் வந்த தொல்லை இது.

தேரடி எழுதியது:

எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. நீங்கள் எல்லோரும் சொல்வதுபோல இடத்துக்கு ஒரு சொல்லாகப் பிரித்துவிட்டால், ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை வைத்தே கட்டப்பட்ட சிந்தனை தமிழில் சிதறிப்போகும். ஓவியம் ஒரு மனிதரைக் காட்டுவதும், உறுப்பினர் ஒரு தொகுதிக்காகப் பேசுவதும், சொல் ஒரு பொருளைக் குறிப்பதும் ஒரே வினை என்பதால்தான், ‘ஒருவரைப் பற்றிப் பேசுகிறவர் அவருக்காகவும் பேசுகிறாரா’ என்ற கேள்வியை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எழுப்ப முடிகிறது. ஊடகங்களில் தலித்துகள், பெண்கள், பழங்குடியினர் பற்றிய எழுத்து முழுவதும் இந்த இரட்டைப் பொருளின் மேல் நிற்கிறது. குறி, காட்டு, ஆஜராகு என்று நறுக்கிவிட்டால் அந்தக் கேள்வியை எந்தச் சொல்லால் கேட்பது?

ஓலைநறுக்கு எழுதியது:

வலுவான ஆட்சேபம். ஆனால் நீங்கள் சொல்லும் அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது, இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் மொழியிலிருந்துதான். ஜெர்மனில் ஒருவருக்காக நிற்பது ‘ஃபெர்ட்ரேட்டன்’. ஒன்றை உருவமாக்கிக் காட்டுவது ‘டார்ஸ்டெல்லன்’. பிரான்ஸின் சிறு விவசாயிகள் தம்மைத் தாமே ‘ரெப்ரசென்ட்’ செய்துகொள்ள முடியாதவர்கள் என்று மார்க்ஸ் 1852இல் எழுதிய இடத்தில் இருப்பது முதல் சொல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் ஏற்பட்ட குழப்பத்தை இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பீவாக் 1988இல் வெளிவந்த தம் கட்டுரையில் ஜெர்மன் சொற்களுக்குத் திரும்பிப்போய்த்தான் அவிழ்த்தார். தமிழ் இந்த விஷயத்தில் ஜெர்மனுக்கு நெருக்கம். ‘பிரதிநிதியாக நிற்பது’ வேறு, ‘சித்தரிப்பது’ வேறு என்று நம் காது பிரித்துக் கேட்கிறது. ‘எங்களைச் சித்தரிக்கிறீர்கள், ஆனால் எங்களுக்காகப் பேசும் உரிமையை யார் கொடுத்தது’ என்று தமிழில் கேட்டால், ஆங்கிலத்தில் சிலேடையாக மறைந்திருப்பது வெளிப்படையாக வந்துவிடுகிறது.

பிரதிநிதித்துவம் என்ற ஒரு பொருளுக்குள்ளேயே சண்டை இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1774 நவம்பரில் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் பேசிய பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க், உறுப்பினர் தம் சொந்த மதிப்பீட்டை வாக்காளரின் விருப்பத்துக்குப் பலியிடக்கூடாது என்றார். சொன்னதைச் சொல்லும் தூதரா, தானே முடிவெடுக்கும் காரியக்காரரா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு நிலைக்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான்.

தேரடி எழுதியது:

தத்துவக் கட்டுரைக்கு ஏற்கிறேன். ஆனால் அத்தகைய கட்டுரைகளில் முதல் முறை வரும்போது ‘ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்’ என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

வலிகாமம்வாசகி எழுதியது:

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்கள் கணிதப் பாடநூல்களில் ‘வகைகுறித்தல்’ என்ற வினை உண்டு. வரைபின் ஒரு புள்ளி ஒரு பெறுமானத்தை வகைகுறிக்கும். தரவுகளை அட்டவணையில் வகைகுறிப்போம். வெறும் ‘குறி’ என்பது பெயரிடுதல், அடையாளமிடுதல் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதால், ஈடாக நிற்றல் என்ற நுட்பமான பொருளுக்கென்று ஒரு தனிச் சொல் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது. பிரதிநிதித்துவம் என்ற சொல்லோ எங்களுக்கு முழுக்க அரசியற் சொல். அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரித்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஜீ. ஜீ. பொன்னம்பலம் வைத்த ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையும் (ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, பாதி மற்றச் சமூகங்களுக்கு), 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதைக் கேட்டவுடன் ஆசனக் கணக்கு மனத்தில் ஓடும் ஒருவரிடம், ‘சிவப்புக் கோடு ஆற்றைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது’ என்று சொல்ல எனக்கு நா எழாது. இன்னொன்று, சிரஸ்தார் ஐயா சொன்ன ‘ஆஜரானார்’ என்பதை எங்கள் பத்திரிகைகள் ‘சட்டத்தரணி முன்னிலையானார்’ என்றும் எழுதும்.

கணக்காசிரியர் எழுதியது:

‘வகைகுறி’ அழகான சொல், அம்மா. நாளை வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

இருமம் எழுதியது:

கணினித் துறையிலும் இதே நிலைதான். ‘தரவுப் பிரதிநிதித்துவம்’ என்ற தலைப்பைப் பார்த்து, தரவுகளுக்கு யார் பிரதிநிதி என்று ஒரு மாணவி என்னிடம் உண்மையாகவே கேட்டார். யூனிகோடில் ‘அ’ என்ற எழுத்துக்குரிய எண் 2949. அதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாக எழுதுகிறோம். எழுத்து ஒன்று, அதற்கு வைத்த எண் வேறு, அந்த எண்ணை நினைவகத்தில் எழுதிவைக்கும் விதம் மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டு படிகளுக்கும் ‘ரெப்ரசென்ட்’ என்றே சொல்லித் தாண்டிவிடுவார்கள். நான் முதல் படிக்குக் ‘குறி’ என்றும், இரண்டாம் படிக்கு ‘எழுதிவை’ என்றும் சொல்லத் தொடங்கிய பிறகு, தமிழ் எழுத்துகள் ஏன் சில நேரம் புரியாத குறிகளாக உடைகின்றன என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிதாகிவிட்டது. எண் சரியாக இருந்தும், எழுதிவைத்த முறையை வாசிக்கும் மென்பொருள் வேறாக எடுத்துக்கொள்வதால் அந்த உடைசல் வருகிறது.

வேம்பு எழுதியது:

இன்னும் ஒரு கேள்வி. கையேட்டின் அட்டையில் ஓர் ஓவியம் இருக்கிறது. அதைப் பற்றிய குறிப்பில் ‘ரெப்ரசென்ட்’ இல்லாமல் ‘டிபிக்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ‘சித்தரி’ போதுமா?

ஓலைநறுக்கு எழுதியது:

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் போய் நின்றால் இந்த வேறுபாடு விளங்கிவிடும். ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசி, யானைக் கூட்டம், பாறைப் பிளவில் நாகர்கள், அந்தத் தவசியைப் போலவே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு பூனை, அதன் அருகே எலிகள். இவை அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை, இதுதான் ‘டிபிக்ட்’. இந்தக் காட்சி முழுவதும் எதை ‘ரெப்ரசென்ட்’ செய்கிறது என்று கேட்டால், அர்ச்சுனன் தவம் என்று ஒரு சாரார், கங்கை இறங்கிவரும் காட்சி என்று மற்றொரு சாரார். கண் பார்ப்பது முதலாவது, கருத்து தீர்மானிப்பது இரண்டாவது. ‘டிபிக்ட்’ என்பதன் வேரும் வண்ணம் தீட்டுதலே; நம் ‘சித்தரி’யும் சித்திரத்திலிருந்து வந்ததால் இந்த இணை இயல்பாகவே அமைந்துவிட்டது. ‘போர்ட்ரே’ என்று வந்தால் அதில் ஒருவரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பும் கலந்திருக்கும். ‘அவரை வில்லனாகச் சித்தரிக்கிறார்கள்’ என்று நாம் சொல்லும்போது உண்மையில் மொழிபெயர்ப்பது அதைத்தான். உங்கள் அட்டைப்படத்தில் ஏர் பிடித்த பெண் இருந்தால் ‘ஏர் பிடித்த பெண்ணைக் காட்டும் ஓவியம்’ என்று எழுதுங்கள். அவர் உழைப்பின் அடையாளம் என்று சொல்ல வந்தால் அது அடுத்த வாக்கியம்.

வேம்பு எழுதியது:

பத்தியைத் திருத்திவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்:

‘வரைபடத்தில் சாய்கோடு போட்ட பகுதிகள் வறண்ட வட்டாரங்களைக் குறிக்கின்றன. மக்களவை உறுப்பினர்களில் பெண்கள் 14 சதவீதத்துக்கும் குறைவு. எனவே தண்ணீர் சுமக்கும் பெண்களின் குரல் அவையில் போதிய அளவு ஒலிப்பதில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டியவர் 600 அடி இறக்கியதாகச் சொன்னதை நம்பி, விவசாயிகள் அடிக்கணக்கில் பணம் கொடுத்தார்கள். உண்மை தெரிந்ததும் ஆட்சியரிடம் முறையீட்டினைச் சமர்ப்பித்தார்கள். வழக்கு நடந்தபோது வழக்கறிஞர் ஒருவர் அவர்களுக்காகக் கட்டணமின்றி ஆஜரானார்.’

சிரஸ்தார்_ஓய்வு எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது, தம்பி. ‘முறையீட்டினைச் சமர்ப்பித்தார்கள்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் ‘மனு கொடுக்க வந்தேன்’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

வேம்பு எழுதியது:

‘மனு கொடுத்தார்கள்’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன், ஐயா. இம்முறை ஒரே ஒரு சிவப்புச் சுழிப்போடு திரும்பி வந்தது. ‘வட்டாரங்களைக்’ என்பதில் நான் விட்ட ஒற்றெழுத்து.